ஓங்கிய கையோடு நின்ற கிழவன்

மெய்ரம்பெக்கைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் அவன் சாப்பாட்டைத்தான் சொல்வேன். அவன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. சட்டைப்பையில் உப்புத் தயிர்க்கட்டிகள் எப்போதும் கிடக்கும். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கணினி முன்னால் நின்றபடியே தட்டிக்கொண்டிருப்பான். வீடுகளைச் சூடாக்க ஊர் முழுக்கக் குழாயில் வெந்நீர் அனுப்பும் நிர்வாகத்தில் அவன்தான் கணினிக்காரன். நான் அதே அறையில் கட்டுப்பாட்டு மேசைக்காரி. ஊரில் எந்த வீட்டுச் சுவர் சில்லிட்டாலும் முதல் வசவு வந்து விழுவது என் காதில். பதிலுக்கு நானும் நாலு கொடுப்பேன், அது வேறு விஷயம்.

சுரங்கத் தொழிலாளியின் மகன் அவன். அப்பா விட்டுப்போன தடித்த மேல்சட்டையைத்தான் குளிர்காலம் முழுக்கப் போட்டிருப்பான். தம்பி துர்சினும் எங்கள் நிர்வாகத்தில்தான் வேலை, பம்ப் பிட்டர். அண்ணன் வாயைத் திறக்க மாட்டான், தம்பி மூட மாட்டான். இரண்டு பேரும் ரயில்வே குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"நான் பம்பைத் தூக்கித் தூக்கி முதுகு போகுது கூல்பாஷக்கா. எங்கண்ணன் நின்னுபோன புரோகிராமை உத்து உத்துப் பாக்கறான், அதுக்கு என்னைவிட அதிகச் சம்பளம்" என்பான் துர்சின் என்னிடம்.

அவன் சொன்னது பொய்யில்லை. நின்றுபோன நிரல்கள்தான் மெய்ரம்பெக்கின் பித்து. எனக்கு அந்தக் கதையெல்லாம் எதற்கு? ஆனாலும் பக்கத்து மேசையிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்திருந்ததில் கொஞ்சம் காதில் ஏறிவிட்டது. கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு நிரலும் கெர்னல் என்ற ஒன்றின் தயவில் ஓடுகிறது. யார் ஓடலாம், யார் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். ஓடும் நிரலில் கோளாறு தேட வேண்டுமென்றால் டீபக்கர் என்ற இன்னொரு நிரலை ஏவுவார்கள். டீபக்கர் கெர்னலிடம் போய் 'இவனை என் பிடியில் கொடு' என்று கேட்கும். கெர்னல் கொடுத்துவிடும். பிடிபட்டவன் எடுத்த அடியைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பான்.

"செத்துப்போயிடுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சாகாதுக்கா. தூங்கவும் இல்ல. தூங்கறவனை யார் வேணா எழுப்பலாம். இவனைப் பிடிச்சவன் விட்டாத்தான் உண்டு. வேற யார் 'போ'ன்னு சொன்னாலும் அசைய மாட்டான்."

"பிடிச்சவன் செத்துட்டா?"

"கெர்னல் இவனை விட்டுடும். நின்ன இடத்துலேர்ந்து அப்படியே ஓடுவான். நடுவுல நேரம் போனதே அவனுக்குத் தெரியாது."

"அப்படின்னா எங்க வீட்டுக்காரரை நிறுத்தி வை. சம்பள நாளுக்கு மட்டும் விட்டா போதும்."

அவன் சிரிக்கவில்லை. எப்படிச் செய்யலாம் என்று யோசிப்பவன் போல என்னைப் பார்த்தான். அப்படிப்பட்ட ஆள். நின்ற நிரல்களைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம் எழுதி, உலகமெங்கும் உள்ள கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினான். திட்டித் திட்டித் திருப்பி அனுப்பினார்கள். இவனும் விடவில்லை. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். அன்று ஒரு வாளி நிறையப் பவுர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைகளை வாங்கி வந்து அலுவலகம் முழுக்கக் கொடுத்தான். எதற்கென்று ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் வாளி காலியாகிவிட்டது.

எங்கள் பம்புகளை ஓட்டும் நிரலுக்கு நாங்கள் வைத்த பெயர் கிழவன். ஊரில் உள்ள பம்ப் நிலையங்கள் எல்லாம் கிழவன் பேச்சைத்தான் கேட்கும். கிழவனின் குரல் அறுந்துபோனால் நிலையம் தானே முடிவெடுக்கும். அப்போது அது செய்யும் முதல் வேலை மாற்று பம்பையும் சேர்த்து ஓட்டுவது. குளிரில் தண்ணீர் நின்றுவிடக்கூடாதே, அதற்காக அப்படி ஒரு ஏற்பாடு.

எங்களிடம் ஒரு கெட்ட வழக்கமும் இருந்தது. பம்பில் கை வைக்குமுன் மின்சாரத்தைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது சட்டம். பிடுங்கினால் திரும்பப் போட மின்காரர் வர வேண்டும், அவர் வர அரைநாள் ஆகும். அதனால் பிட்டர்கள் எனக்கு போன் போட்டு "பழுது முத்திரை போடுங்க" என்பார்கள். நான் திரையில் மஞ்சள் முத்திரை போடுவேன். முத்திரை போட்ட பம்பைக் கிழவன் தொட மாட்டான். மேலதிகாரி ஒராஸ்பெக்கே இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஓரக்கே என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அந்த ஜனவரியில் குளிர் எலும்பைத் தின்றது. கிழவனுக்கு ஒரு கோளாறு வந்தது: தேவையே இல்லாமல் ரயில்வே நிலையத்து மாற்று பம்பை ஓட்டிவிடுவான். சோதனைக் கணினியில் எவ்வளவு முயன்றும் அது வரவில்லை. "ஓடறப்பவே பிடிச்சுப் பாரு" என்றார் ஓரக்கே. மெய்ரம்பெக்குக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தான். மாற்று பம்பை ஓட்டச் சொல்லும் இடத்தில் டீபக்கரால் ஒரு பொறி வைத்தான். கிழவன் அங்கே கால் வைத்ததும் நிற்பான், ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே விட்டுவிடலாம் என்பது திட்டம்.

காலை நேரம். பொறியில் கிழவன் விழுந்தான். மெய்ரம்பெக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கே வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். அவர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. கூட்ட அறையில் ரொட்டி, குதிரை இறைச்சி, தேநீர் எல்லாம் பரப்பியாயிற்று.

"வந்து ரொட்டியைத் தொட்டுட்டுப் போ."

"ஓரக்கே, ஒரு நிமிஷம். இதை மட்டும்..."

"என் பேரன் ரொட்டிக்கு நிமிஷம் பாக்கறியா?"

விரித்த துணியில் இருக்கும் ரொட்டியை ஒரு கடியாவது கடிக்காமல் போவது எங்களிடம் வீட்டுக்காரர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். ஓரக்கே அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். போகிற போக்கில் மெய்ரம்பெக்கின் விரல்கள் இரண்டு விசைகளை அழுத்தின. அதை நான் பார்த்தேன். கணினியைவிட்டு நகரும்போதெல்லாம் அவன் அதைத்தான் அழுத்துவான். அந்தத் தொழில்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கைப்பழக்கம் அது. செய்த வேலையை மூடாமல் ஓரமாக நிறுத்திவைக்கும் விசை. கிழவனை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு அவன் போனான். உண்மையில் பிடித்த டீபக்கரையும் சேர்த்து நிறுத்திவிட்டுப் போயிருந்தான். பிடித்த பிடி பிடித்தபடியே இருந்தது.

கட்டுப்பாட்டு மேசையைவிட்டு எழக்கூடாது என்பதால் எனக்கு ரொட்டி மேசைக்கே வந்தது. அதை மென்றுகொண்டிருக்கும்போது துர்சின் போன் போட்டான்.

"அக்கா, ரயில்வே நிலையத்து மாற்று பம்ப் இணைப்பைக் கழட்டப் போறேன். முத்திரை போட்டுடுங்க."

"போட்டாச்சு, மஞ்சள் வந்துடுச்சு. உங்கண்ணன் இங்க இறைச்சி சாப்பிடறான், நீ அங்க கிரீஸ் சாப்பிடு."

"அவனுக்கு மெல்லத் தெரியுமா? ஊறவெச்சுதானே முழுங்குவான்" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கிப் போனான். அந்தப் பம்ப் தரைக்குக் கீழே குழியில் இருக்கிறது. அங்கே கைபேசி எடுக்காது. மேலே கொட்டகையில் ஒரு பழைய கம்பி போன் மட்டும் உண்டு.

மெய்ரம்பெக் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் நல்ல மனநிலையில் இருந்தேன்.

"இன்னைக்கு உன் கிழவன் தங்கமா இருக்கான். எல்லாம் பச்சை. சூடு, அழுத்தம் ஒரு புள்ளிகூட நகரலை பாரு."

அவன் திரையைப் பார்த்தான். வெந்நீரின் சூடு என்பது மூச்சு மாதிரி, கொஞ்சமாவது ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் பச்சையைப் பார்த்தால் நிம்மதியாக இரு என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அவன் தன் கணினிக்கு ஓடிப்போய் எதையோ தட்டினான். கிழவன் பெயருக்கு நேரே ஒரே ஒரு சின்ன எழுத்து இருந்தது. பிடியில் நிற்கிறான் என்று அதற்கு அர்த்தமாம்.

"அக்கா, நான் போன பிறகு ஏதாவது முத்திரை போட்டீங்களா?"

"ரயில்வே மாற்று பம்புக்குப் போட்டேன். துர்சின் கழட்டறான்."

அவன் முகத்தில் இருந்த ரத்தம் அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மஞ்சள் வந்துச்சே" என்றேன்.

"மஞ்சள் போடறது உங்க திரை. கிழவன் இன்னும் அதைப் படிக்கவே இல்ல. முத்திரை இருக்கான்னு பாத்து முடிச்சு, பம்பை ஓட்டுன்னு சொல்ல வாயைத் திறந்தப்போ நான் பிடிச்சேன். இப்ப விட்டா முதல் வார்த்தை அதுதான். முத்திரையைப் படிக்கறது அதுக்கப்புறம்."

மோட்டாரோடு பம்பைச் சேர்க்கும் அந்த இணைப்பு சுழன்றால் என்ன ஆகும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு வேறொரு ஊரில் அப்படிக் கை போனவரைப் பார்த்திருக்கிறேன். தோள்வரை கையை உள்ளே விட்டுத்தான் ஆணியைக் கழற்ற முடியும். கொட்டகைக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஓரக்கே தன் அறையிலிருந்து வந்தார். ரயில்வே நிலையம் வெந்நீர் அனுப்பும் மேல்காலனியில் சூடு இறங்குகிறதென்று நகராட்சியிலிருந்து அவருக்கு போன் வந்திருந்தது.

"உன் கிழவன் உறைஞ்சு கிடக்கான். நான் என் அறையிலேர்ந்து 'தொடர்'னு கட்டளை அனுப்பினேன், அசைய மாட்டேங்கறான்."

மெய்ரம்பெக் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "என்னது? யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

ஓரக்கேயிடம் அப்படி யாரும் பேசியதில்லை. சாதாரணமாக நின்றுபோன நிரலாக இருந்திருந்தால் அந்தக் கட்டளைக்கு எழுந்து ஓடியிருக்கும். டீபக்கரின் பிடியில் இருந்ததால் கெர்னல் அவர் பேச்சை மதிக்கவில்லை. துர்சினின் கை அந்த நிமிடம் வரை அவன் உடம்பில் இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். நாங்கள் ஒன்றும் அறியாமல் இருந்தபோதே ஓரக்கேயின் அறையில் இது நடந்து முடிந்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ஓரக்கே தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அதிகாரி அதிகாரிதான்.

"சரி, கிழவனைக் கொன்னுடு. அந்தக் கட்டளையை யாராலும் தடுக்க முடியாதே."

"கொன்னா ரயில்வே நிலையத்துக்குக் குரல் அறுந்துடும். இப்ப கிழவன் நின்னாலும் அவனோட இணைப்பைக் கெர்னல் உயிரோட வெச்சிருக்கு, அதனால நிலையம் சும்மா இருக்கு. அறுந்த உடனே தானா மாற்று பம்பை ஓட்டும்."

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் தாண்டி விட முடியாதா? அதுக்குத்தானேடா டீபக்கர்?"

"முடியும். ஆனா இவ்வளவு நேரம் வந்ததெல்லாம் வரிசையா அவன் வாசல்ல குவிஞ்சு நிக்குது. மேல்காலனி அழுத்தம் குறைஞ்ச தகவல் முத்திரைக்கு முன்னாடி வந்திருந்தா? அதைப் படிச்சுட்டும் அதே பம்பைத்தான் ஓட்டுவான்."

"மேல்காலனியில ஜனங்க இருக்காங்கப்பா. குழந்தைங்க இருக்காங்க."

"குழாய் உறைய இன்னும் நேரம் இருக்கு ஓரக்கே. என் தம்பி கை இப்ப உள்ள இருக்கு."

விட்டாலும் ஓடும், கொன்றாலும் ஓடும். பிடித்தபடி வைத்திருப்பது ஒன்றுதான் வழி. மெய்ரம்பெக் விசைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தான் எழுந்தால் ஓரக்கே எதையாவது அழுத்திவிடுவார் என்று பயம் அவனுக்கு. தம்பியிடம் ஓடக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தான். என் திரை எப்படியும் செத்த திரை, என் மேசையால் யாருக்கும் பயனில்லை. மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.

பாதை முழுக்கப் பனிக்கட்டி. என் பழைய வண்டி இரண்டு முறை வழுக்கிச் சுற்றியது. நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்: மின்காரரை, முத்திரையை, ஓரக்கேயின் மாப்பிள்ளையை, பச்சை விளக்கைக் கண்டுபிடித்தவனை. திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

கொட்டகைக் கதவைத் தள்ளினேன். குழிக்குள் ஒரு விளக்கு எரிந்தது. துர்சின் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தான். பக்கத்தில் பெரிய பம்பின் இரைச்சல். நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. ஏணியில் பாதி இறங்கி, கையில் கிடைத்த ஒரு மரையை அவன் முதுகில் எறிந்தேன்.

"என்னக்கா, இறைச்சி கொண்டுவந்தீங்களா?"

"மேல ஏறு. கேள்வி கேக்காம ஏறுடா."

என் முகத்தைப் பார்த்து ஏறி வந்தான். நான் அவன் கைகள் இரண்டையும் பிடித்து, கிரீஸோடு அப்படியே பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. சுருக்கமாகச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"எங்கண்ணன் நின்னுபோனதை நிறுத்தி வெச்சிருக்கானா? நல்ல வேலைதான்."

நான் கம்பி போனைச் சுழற்றினேன். முதல் மணியிலேயே மெய்ரம்பெக் எடுத்தான்.

"மெய்ரம், அவன் வெளியில வந்துட்டான். விட்டுடு."

"அவனைப் பேசச் சொல்லுங்க."

"நான் என் கண்ணால பாக்கறேன்டா. கையைப் பிடிச்சுப் பாத்துட்டேன்."

பின்னால் ஓரக்கே கத்துவது கேட்டது: "அதான் வந்துட்டான்னு சொல்றாங்கல்ல, விடுடா."

"அவன் குரலைக் கேக்காம விட மாட்டேன்" என்றான் மெய்ரம்பெக். அந்தக் குரலில் அவன் அதற்குமுன் பேசியதே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. என் வார்த்தைக்கு மதிப்பில்லையா என்று வாய்வரை வந்துவிட்டது. "இந்தாடா, பேசு" என்று போனை நீட்டித் திரும்பினேன். துர்சின் அங்கே இல்லை.

குழியில் விளக்கு அசைந்தது. புதுத் திருகுச்சாவி ஒன்றை உள்ளேயே விட்டுவிட்டானாம், பம்ப் ஓடினால் வீணாகிவிடுமே என்று எடுக்க இறங்கியிருந்தான். கை திரும்பவும் தோள்வரை உள்ளே இருந்தது.

போனில் மெய்ரம்பெக் "அக்கா? அக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். என் பேச்சை அவன் நம்பியிருந்தால் அந்த நேரம் எல்லாம் முடிந்திருக்கும். இருபது வருடமாக ஊரையே திட்டிய வாயிலிருந்து கடைசியில் ஒரு வார்த்தை வெளியே வந்தது.

"விடாதே."

"விடலை. அவன் குரல் எங்க?"

நான் இறங்கிப்போய்த் துர்சினைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தத் தடிமாட்டை எப்படி இழுத்தேனோ தெரியாது. போனை அவன் காதில் வைத்து அழுத்தினேன்.

"என்னண்ணே, ஒரு சாவிக்கு இந்தப் பாடா?" என்றான்.

"எங்க நிக்கற?"

"கதவுகிட்ட. அக்கா என் கழுத்தைப் பிடிச்சிருக்காங்க."

"அப்படியே பிடிச்சிருக்கச் சொல்லு" என்றான் அண்ணன். பிறகு ஒரு விசை தட்டும் சத்தம்.

குழிக்குள் அந்தப் பம்ப் சுழன்றது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு பொத்தான் அழுத்தப்படவில்லை. உள்ளே கிடந்த அந்தச் சாவியைத் தூக்கிச் சுவரில் அடித்தது. சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. அவன் மண்டியிட்டிருந்த இடத்தில் வைத்திருந்த விளக்கு தூளானது. முத்திரையைப் படித்ததும் பம்ப் தானே நின்றுவிட்டது. ஒரு இருமல் நேரம்தான் ஓடியிருக்கும்.

துர்சின் குழியையே பார்த்தான். வலது கையைத் தூக்கிப் பார்த்தான், விரல்களை மடக்கினான், நீட்டினான். எப்போதும் ஏதாவது சொல்லும் அந்த வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. போன் அவன் கையிலிருந்து நழுவிக் கம்பியில் தொங்கியது. அதற்குள்ளிருந்து மெய்ரம்பெக் கூப்பிட்டான்.

"துர்சின். சத்தம் கேட்டுச்சு. பேசுடா. துர்சின், ஏதாவது சொல்லு. என்னைத் திட்டாவது செய்யேன்டா."

துர்சின் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் போனை எடுத்தேன். மறுமுனையில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"உயிரோடதான் இருக்கான் மெய்ரம்" என்றேன். "அழறான். அதான் பேச்சு வரலை."

அவன் நம்பவில்லை. நான் போனைத் துர்சினின் வாயருகே பிடித்தேன். தம்பி அழுது முடிக்கும்வரை அண்ணன் போனை வைக்கவே இல்லை.